இரண்டு ஆளிகளும் ஓர் இடையோய்வும்

சூரியத் தகடு தருவதும் பற்றரி தருவதும் நேரோட்டமே. எமது இல்லங்களிலே விளக்கும் விசிறியும் வேண்டி நிற்பதோ 230 வோல்ற்று அழுத்தத்தில், செக்கனுக்கு 50 சுற்று மீடிறனுடைய ஆடலோட்டம். முன்னதைப் பின்னதாக மாற்றுங் கருவியை இன்வேட்டர் என்பர். இலங்கையில் 2016 ஆம் ஆண்டிலே ‘சூரிய பல சங்கிராமய’ என்னுந் திட்டம் தொடங்கப்பெற்ற பின்னர், கூரைமீது தகடுகளும் சுவரிலே இக்கருவியும் பொருந்திய இல்லங்கள் பல்கியுள்ளன. அப்பெட்டியினுள்ளே செக்கனுக்குப் பல்லாயிரந் தடவை நிகழும் மிகச் சிறிய காத்திருப்பு ஒன்று உண்டு. அஃது இல்லையேல் கருவி கணப்பொழுதும் நிலையாது. அக்காத்திருப்பின் இயல்பையே இங்கு ஆராய்வோம்.

இன்வேட்டரின் எளிய வடிவங்களுள் ஒன்று அரைப்பாலம் எனப்படும். நேரோட்ட வழங்கலின் நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையில் இரண்டு ஆளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். அவை சந்திக்கும் புள்ளியிலிருந்து சுமைக்கு மின் செல்லும். சுமையின் மறுமுனை, வழங்கலைச் சமமாகப் பகுக்கும் இரு கொள்ளளவிகளின் நடுப்புள்ளியோடு பொருந்தும். மேல் ஆளி கடத்தும்போது சந்திப்புப் புள்ளி நேர்முனையோடும், கீழ் ஆளி கடத்தும்போது எதிர்முனையோடும் இணையும். ஒவ்வோர் ஆளியும் கடத்துங் காலவளவைச் சிறிது சிறிதாகக் கூட்டியுங் குறைத்தும் வந்தால், சராசரி அழுத்தம் மெல்ல ஏறியிறங்கி ஆடலோட்டத்தின் அலைவடிவைப் பெறும். இவ்வாளிகள் கையால் இயக்கப்படுவன அல்ல. படலை எனப்படும் முனையிலே கொடுக்குஞ் சைகைக்கு இணங்கி இயங்கும் திரான்சிற்றர்கள்.

இங்கே மீறலாகாத விதி ஒன்றுண்டு. இரண்டு ஆளிகளும் ஒரே வேளையிற் கடத்தலாகாது. கடத்துமாயின் நேர்முனையும் எதிர்முனையும் நேரே இணைந்து குறுஞ்சுற்று உண்டாகும். மின்னோட்டத்தைத் தடுப்பதற்கு அவ்வழியிலே சுமை யாதுமில்லை. ஐ.ஜீ.பீ.ரீ. வகைத் திரான்சிற்றர்கள் பல இத்தகைய நிலையை ஏறக்குறைய 10 மைக்குரோ செக்கன் வரையிலேயே தாங்குமாறு ஆக்கப்பட்டவை. சிலிக்கன் காபைட்டு மொஸ்பெற்றுக்கள் பொதுவாக அதனினுங் குறைந்த காலமே தாங்கும். காவலுக்கு வைத்த உருகி உருகுமுன்னர் திரான்சிற்றரே அழிந்துவிடும்.

ஒன்றைத் தொடங்குமாறு ஏவும் அக்கணத்திலேயே மற்றையதை நிறுத்துமாறு ஏவினாற் போதாதோ என மாணவர் வினவலாம். போதாது, ஏனெனில் திரான்சிற்றர் ஏவலை உடனே நிறைவேற்றுவதில்லை. மொஸ்பெற்றின் படலை ஒரு கொள்ளளவியைப் போன்றது. அதில் ஏறிய ஏற்றம் போதியளவு வடியுமட்டும் கடத்தல் நிற்காது. ஐ.ஜீ.பீ.ரீ. யிலோ, படலை வடிந்த பின்னரும் உள்ளே தேங்கிய ஏற்றக்காவிகள் மறையும்வரை மின்னோட்டம் வால்போல் நீளும். வெப்பம் ஏறின் அவ்வாலும் நீளும். நிற்பதற்குச் செல்லுங் காலம் தொடங்குவதற்குச் செல்லுங் காலத்தினும் பெரும்பாலும் கூடியதாகும். ஆகவே இரு ஏவல்களும் ஒருங்கே செல்லின், பழைய ஆளி நின்றுமுடியுமுன் புதிய ஆளி கடத்தத் தொடங்கிவிடும்.

இதனைத் தவிர்த்தற்பொருட்டு, ஒன்றை நிறுத்தியபின் மற்றையதைத் தொடங்குமுன், இரண்டுக்குந் தொடங்கும் ஏவல் இல்லாத சிறு காலத்தை இடையிலே வைக்கின்றனர். பொறியியலார் இதனை டெட் ரைம் என்பர். நாம் இடையோய்வு என வழங்குவோம். நிறுத்தும் ஏவலைப் பிற்படுத்தாது, தொடங்கும் ஏவலை மாத்திரம் பிற்படுத்துவதே இதன் முறை.

இடையோய்வின் அளவைக் கணிக்கும் வழி அரிதன்று. நிற்பதற்குரிய மிகக் கூடிய தாமதத்திலிருந்து தொடங்குவதற்குரிய மிகக் குறைந்த தாமதத்தைக் கழித்து, படலைகளை இயக்குஞ் சுற்றுக்களின் தாமத வேறுபாட்டைக் கூட்டி, வருந் தொகையை 1.2 ஆற் பெருக்குதல் வழக்கம். இவை முறையே 600, 100, 100 நனோ செக்கன் எனக் கொள்வோம். தொகை 600, அதனை 1.2 ஆற் பெருக்க வருவது 720 நனோ செக்கன். மின்னோட்டம் குறைந்த வேளையில் நிற்குந் தாமதம் கூடுமாதலால், முழுச் சுமையில் மாத்திரம் அளந்து திருப்தியடைதல் தகாது.

இதனைச் சுற்றிலே புகுத்தும் வழிகள் மூன்றைக் குறிப்பிடலாம். முதலாவது, தடையியும் கொள்ளளவியும் இருவாயியுஞ் சேர்ந்த சிறு சுற்று. 1,000 ஓம் தடையியும் 1 நனோ பரட்டு கொள்ளளவியும் கொண்டால், அழுத்தம் பாதியளவை எட்ட ஏறக்குறைய 0.69 மைக்குரோ செக்கன் செல்லும்; நிறுத்தும் ஏவல் இருவாயி வழியே விரைந்து செல்லும். இம்முறை மலிவானது, ஆயினும் உறுப்புக்களின் அளவு வேறுபட்டால் காலமும் வேறுபடும். இரண்டாவது, படலைகளை இயக்குதற்கென அமைந்த சில்லுக்கள். ஐ.ஆர். 2104 என்னுஞ் சில்லிலே ஏறக்குறைய 520 நனோ செக்கன் இடையோய்வு உள்ளேயே அமைந்துள்ளது. ஐ.ஆர். 2110 இலோ அவ்வசதி இல்லை; அதனைக் கையாள்வோர் தாமே இடையோய்வை வகுத்தல் வேண்டும். மூன்றாவது, நுண்கட்டுப்பாட்டுச் சில்லின் எண்ணி. செக்கனுக்கு 7 கோடியே 20 இலட்சந் துடிப்புடைய கடிகாரத்தில் 72 துடிப்புக்களை எண்ணினால் 1 மைக்குரோ செக்கன் கழிந்திருக்கும்.

அவ்வாறாயின் இடையோய்வை வேண்டியவாறு நீட்டலாமே எனின், அதுவுந் தவறு. மோட்டர் போன்ற, சுருளுடைய சுமையில் ஓடும் மின்னோட்டம் திடீரென நில்லாது. இடையோய்வின்போது அது ஆளிகளுக்கு இணையாகவுள்ள இருவாயிகளில் ஒன்றன் வழியே தொடர்ந்து ஓடும். எந்த இருவாயி என்பதை மின்னோட்டத்தின் திசையே தீர்மானிக்கும். எனவே அக்காலத்தில் வெளியழுத்தம் எம் ஏவலுக்கு அடங்காது. வழங்கல் 400 வோல்ற்று, மாற்றம் செக்கனுக்கு 20,000 சுற்று, இடையோய்வு 1 மைக்குரோ செக்கன் எனின், ஒவ்வொரு சுற்றின் 50 மைக்குரோ செக்கனில் ஒரு பங்கு கைவிட்டுப் போகும். சராசரி அழுத்தத்தில் 8 வோல்ற்றுப் பிழை நேரும். மெதுவாகச் சுழலும் மோட்டருக்கு 20 வோல்ற்றே வேண்டியபோது 8 வோல்ற்று பெரும் பிழையன்றோ? மின்னோட்டம் திசைமாறும் இடந்தோறும் அப்பிழையுங் குறிமாறுதலால் அலை சிதைந்து, மோட்டர் அதிர்ந்து சுழலும். இதற்குப் பரிகாரமாக, மின்னோட்டத்தின் திசையை அறிந்து, இழந்த காலத்தை ஏவலிலே கூட்டியுங் குறைத்தும் ஈடுசெய்யும் முறை கையாளப்படுகின்றது.

இத்துறையிற் புக விரும்பும் இளைஞர், முழு அழுத்தத்தைக் கொடுக்குமுன்னர், மின்னோட்ட எல்லை குறித்த சிறிய வழங்கலிலே கருவியை இயக்கி, இரு படலைகளின் சைகைகளையும் அலைவுகாட்டியில் ஒருங்கே நோக்குதல் நன்று. ஒன்று தாழ்ந்து முடிந்தபின் மற்றையது எழுகின்றதா என்பதைக் கண்ணாற் காண்பது, கணக்கிலே கண்ட விடைக்குத் தக்க சான்றாகும். இடையோய்வு மிகக் குறுகின் கருவி அழியும். மிக நீளின் அலை சிதையும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவை அறிந்து அமைப்பதே பொறியியலாளன் கடன்.