சாரநாத்தில் ஒரு மாலைப்பொழுது

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

காசிக்கு அருகே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சாரநாத். கயையில் ஞானம் பெற்ற புத்தர் பெருமான், முன்பு தம்மோடு தவம் புரிந்து பின்னர் பிரிந்துபோன ஐவரைத் தேடி வந்து, முதன்முதலாக அறவுரை வழங்கிய இடம் இதுவே. சென்ற ஆண்டு வட இந்தியக் கல்விச் சுற்றுலா சென்றபோது, ஒரு மாலைப்பொழுதை அங்கே கழிக்கும் வாய்ப்பு எங்களுக்குக் கிட்டியது.

காசியின் சந்தடியிலிருந்து வருபவருக்குச் சாரநாத்தின் அமைதி வேறோர் உலகம். பரந்த புல்வெளியில் செங்கல் அடித்தளங்கள். அவற்றுக்கு அப்பால் 30 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் தமேக் தூபி. அதன் கீழ்ப்பகுதி கல்லாலும் மேற்பகுதி செங்கல்லாலும் ஆனது. கல்லில் குப்தர் காலக் கொடிகளும் கோலங்களும் செதுக்கப்பட்டுள்ளன. அயல்நாட்டு யாத்திரிகர்கள் அதனை மெல்ல வலம் வந்துகொண்டிருந்தனர்.

இந்த அமைதி தொன்றுதொட்டு வந்ததன்று. ஏழாம் நூற்றாண்டில் இங்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், 1,500 துறவிகள் வாழ்ந்ததாகக் குறித்துள்ளார். பிற்காலத்தில் விகாரைகள் அழிந்தன. இடத்தின் பெருமையும் மறந்துபோயிற்று. 1794-இல் காசியில் அங்காடி கட்டுவதற்காகத் தர்மராஜிகத் தூபியைப் பெயர்த்துச் செங்கல் எடுத்தார்கள். உள்ளே ஒரு கற்பேழையும் எலும்புகளும் கிடைத்தன. எலும்புகள் கங்கையில் விடப்பட்டன. இன்று அங்கே எஞ்சியிருப்பது வட்டமான அடித்தளம் மட்டுமே.

சற்றுத் தள்ளி அசோகர் தூணின் உடைந்த அடிப்பகுதி நிற்கிறது. 1904-05-இல் ஓர்ட்டெல் என்னும் பொறியாளர் நடத்திய அகழாய்வில் அது வெளிப்பட்டது. அதன் உச்சியில் இருந்த நான்முகச் சிங்கமே 1950 ஜனவரி 26 முதல் நம் நாட்டின் சின்னம். அதை அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் காணலாம். இருபது நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் கல்லின் மெருகு குன்றவில்லை.

தூணில் பிராமி எழுத்தில் அசோகரின் ஆணை உள்ளது. சங்கத்தில் பிளவு உண்டாக்குவோர் வெள்ளாடை உடுத்தி வெளியே வாழ வேண்டும் என்பது அதன் செய்தி. அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் பல நூற்றாண்டுகள் எவருமில்லை. 1837-இல் ஜேம்ஸ் பிரின்செப் அதனைப் படித்தறிந்தார். ஆகவேதான் மண்ணிலிருந்து தூண் வெளிவந்தபோது அது சொல்வதை அறிய முடிந்தது.

அந்தத் தூணின் முன் நின்றபோது என் தந்தையாரின் நினைவு வந்தது. எந்தத் தாளானாலும் பெருவிரல் ரேகை வைப்பவர் அவர். எங்கள் நிலப் பத்திரம் பல்லாண்டுகளாகத் தகரப் பெட்டியில் இருந்தது. நான் பள்ளியில் படித்து, எழுத்துக் கூட்டி வாசித்துக் காட்டிய பிறகே, அதில் உள்ளது இன்னதென்று எங்கள் வீட்டார் அறிந்தனர். படிக்க ஆளில்லாதபோது பத்திரமும் வெறும் தாள்தான். அசோகர் தூணும் வெறும் கல்தான். கல்லென்று கண்டவர் அதைக் கட்டடத்துக்கு எடுத்துச் செல்வதில் வியப்பில்லை.

இருள் சூழும் வேளையில் மூலகந்தகுடி விகாரைக்குச் சென்றோம். இலங்கையைச் சேர்ந்த அநகாரிக தர்மபாலரின் முயற்சியால் 1931-இல் எழுந்த ஆலயம் அது. சுவர்களில் புத்தரின் வாழ்க்கையைத் தீட்டியவர் ஜப்பானிய ஓவியர் கோசெத்சு நோசு. பிக்குகள் பாலி மொழியில் ஓதத் தொடங்கினர். எனக்குப் பொருள் விளங்கவில்லை. ஆயினும் எழுந்து வர மனமில்லை.

சாரநாத் செல்லும் நண்பர்கள் மாலையில் செல்லுங்கள். அதற்கு முன் நம் நூலகத்தில் அதன் வரலாற்றைப் படித்துவிட்டுச் செல்லுங்கள். அப்போதுதான் அங்குள்ள ஒவ்வொரு செங்கல்லும் உங்களோடு பேசும்.