பழி சுமந்த பெயர்கள்

1495ஆம் ஆண்டில் நேப்பிள்சு நகரைக் கைப்பற்றிய பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லசின் படையினரிடையே கொடிய நோயொன்று பரவியது. இத்தாலியர் அதனைப் ‘பிரெஞ்சு நோய்’ என்றனர். பிரெஞ்சுக்காரரோ ‘நேப்பிள்சு நோய்’ என்றனர். உருசியர் போலந்தின்மீதும் துருக்கியர் கிறித்தவர்மீதும் பழியை ஏற்றினர். தமிழிலும் அதற்குப் ‘பறங்கிப்புண்’ என்னும் பெயர் வழங்கியது. பழியைப் பிறர்மேல் சுமத்துவதில் நாடுகளிடையே வேறுபாடு இருந்ததாகத் தெரியவில்லை. வெரோனா நகர மருத்துவர் பிரகாசுத்தோரோ 1530இல் இயற்றிய இலத்தீன் கவிதையில் இடம்பெற்ற ஆயன் ஒருவனின் பெயரே பின்னர் ‘சிபிலிஸ்’ என நிலைத்தது.

இந்நோய்க்குக் காரணமான, திருகுசுருள் வடிவுடைய பாக்டீரியாவை 1905இல் பெர்லினில் சௌடின், ஆப்மன் ஆகிய இருவரும் கண்டறிந்தனர். பெரும்பாலும் உடலுறவின் வழியாகவே இது தொற்றுகிறது. உணவுக்கலத்தாலோ உடையாலோ தொற்றுவதில்லை.

தொற்று ஏற்பட்டு ஏறத்தாழ மூன்று வாரங்களில் ஒரு புண் தோன்றும். அது வலிப்பதில்லை, மருந்தின்றியே ஆறியும் விடும். நோய் நீங்கியதென நோயாளி எண்ணியிருக்க, கிருமியோ குருதியில் கலந்து உடலெங்கும் பரவும். பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்புகள் தோன்றலாம். அவையும் மறையும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் எவ்வறிகுறியும் இராது. இந்த அமைதியே இந்நோயின் சூழ்ச்சி எனலாம். மருத்துவம் பெறாதோருள் சிலருக்குப் பத்து, இருபது ஆண்டுகள் கழித்துப் பெருந்தமனியும் மூளையும் பழுதுறுகின்றன.

கருவுற்ற தாய்க்கு இந்நோய் இருப்பின் கரு சிதையலாம். குழந்தை இறந்தே பிறக்கலாம். பிழைத்த குழந்தைக்கு எலும்பு, கண், செவி ஆகியன குறைபடலாம். ஆகவே மகப்பேற்றுக்கு முந்தைய குருதிப் பரிசோதனைகளில் இதற்கான சோதனையும் இடம்பெறுகிறது. தொடக்க நிலையில் கண்டறிந்தால் ஒரே ஒரு பென்சிலின் ஊசி போதும்.

அந்த ஊசி மறுக்கப்பட்ட வரலாறும் உண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டசுகீகி என்னுமிடத்தில், இந்நோயுற்ற ஏறத்தாழ 400 கறுப்பின ஆண்களை அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத்துறை 1932 முதல் ஆய்வு செய்தது. அவர்களுக்கு நோயின் பெயர்கூடச் சொல்லப்படவில்லை. ‘கெட்ட இரத்தம்’ என்றே கூறப்பட்டது. 1940களில் பென்சிலின் பயன்பாட்டுக்கு வந்த பின்னரும், நோய் இறுதிவரை எவ்வாறு செல்கிறது என்பதைக் காணவே அது வழங்கப்படவில்லை. 1972இல் செய்தித்தாள்கள் அம்பலப்படுத்திய பின்னரே ஆய்வு நிறுத்தப்பட்டது. அதற்குள் பலர் இறந்திருந்தனர். மனைவியர் சிலருக்கும், பிறந்த குழந்தைகள் சிலருக்கும் நோய் தொற்றியிருந்தது.