மூச்சுக் கருவிக்குப் பணம் யார் தருவது?

நம் வீடுகளில் குறட்டையை யாரும் நோயாக எண்ணுவதில்லை. "படுத்த உடனே அசந்துடுவார், குடுத்து வெச்சவர்" என்று பெருமையாகக்கூடச் சொல்வார்கள். அந்தக் குறட்டை திடீரென்று நின்று, சில விநாடி அமைதிக்குப் பின் திணறலோடு மறுபடி தொடங்கினால், அவர் தூங்கவில்லை. தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி உடம்பை உலுக்கி எழுப்புகிறது. காலையில் அவருக்கு இது எதுவும் நினைவிருக்காது. மிஞ்சுவது தலைவலி, பகல் தூக்கம், மருந்துக்கு அடங்காத ரத்த அழுத்தம். ஓட்டுநர் வேலையில் இருப்பவருக்கு உயிராபத்தும் உண்டு. இதுதான் ஸ்லீப் ஆப்னியா.

ஒரு மணி நேரத்தில் மூச்சு எத்தனை முறை நின்றது அல்லது குறைந்தது என்ற எண்ணிக்கையை மருத்துவர்கள் ஏஎச்ஐ என்பார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமையானது. நடுத்தரத்துக்கும் கடுமையானதற்கும் முதல் சிகிச்சை மாத்திரை அல்ல, கருவி. மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும் சிபாப். ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன் 1981ல் இதைப் பற்றி எழுதிய பிறகு உலகெங்கும் பரவியது. நம் ஊரில் இதன் விலை பல குடும்பங்களின் ஒரு மாத வருமானத்தைத் தாண்டும். அதனால்தான் 'இதைவிட நல்ல மெஷின் வேண்டும்' என்று கேட்பதற்கு முன், யாரிடம், எந்தத் தாளோடு கேட்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதல் கதவு மருத்துவர். "சார், மெஷின் செட் ஆகலை" என்று மட்டும் சொன்னால், "பழகிடும், விடாமப் போடுங்க" என்ற பதில்தான் வரும். அவர்மேல் குற்றமில்லை, அந்த வாக்கியத்தில் அவர் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இப்போது வரும் பெரும்பாலான கருவிகள் ஒவ்வோர் இரவையும் பதிவு செய்கின்றன. எத்தனை மணி நேரம் போட்டீர்கள், எவ்வளவு காற்று கசிந்தது, எந்த அழுத்தத்தில் ஓடியது, கருவி போட்ட பிறகும் மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது என்பதெல்லாம் அதன் மெமரி கார்டிலோ செல்போன் செயலியிலோ கிடைக்கும். கடந்த ஒரு மாத அறிக்கையை எடுத்துச் செல்லுங்கள். கருவியோடு ஏஎச்ஐ 5க்குக் கீழே வர வேண்டும் என்பது பொதுவான இலக்கு. உங்களுக்கு அது 14ல் நிற்கிறது என்றால் மருத்துவரின் கேள்விகளே மாறிவிடும். பகல் தூக்கத்தை அளக்கும் எப்வொர்த் கேள்வித்தாள் என்று ஒன்று உண்டு. 24க்கு எத்தனை மதிப்பெண் என்று பார்ப்பது, 10ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டியது. அதையும் நிரப்பி எடுத்துச் செல்லலாம்.

கூடவே, தூங்கும்போது மூச்சைப் பதிவு செய்யும் பரிசோதனையான ஸ்லீப் ஸ்டடியின் முழு அறிக்கை வேண்டும், முதல் பக்கச் சுருக்கம் மட்டும் போதாது. எந்த நிலையில் படுத்தபோது மூச்சு அதிகம் நின்றது, ஆக்சிஜன் எவ்வளவு இறங்கியது, அடைப்பினால் நின்றதா அல்லது மூளையிலிருந்து கட்டளையே வராமல் நின்றதா என்பவை பின்பக்கங்களில்தான் இருக்கும். மருத்துவமனை தயங்கினால் எழுத்தில் கேளுங்கள். மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிகளில் உள்ளது.

'நல்ல கருவி' என்றால் எது என்பதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கடைக்காரர் பார்வையில் சிபாப்புக்கு மேலே ஆட்டோ, அதற்கு மேலே பைபாப், விலையும் அந்த ஏணிப்படியில் ஏறும். நோய்க்கு அப்படி ஏணி கிடையாது. இரவு முழுக்க ஒரே அழுத்தம் தருவது சாதாரண சிபாப். தேவைக்கேற்பக் கூட்டிக் குறைப்பது ஆட்டோ. புரண்டு படுக்கும்போது, மது அருந்திய இரவில், எடை மாறும்போது அழுத்தத் தேவை மாறுகிறவர்களுக்கு ஆட்டோவால் பயனுண்டு. மூச்சை இழுக்க ஓர் அழுத்தம், விட அதைவிடக் குறைந்த அழுத்தம் என்று தருவது பைபாப். அதிக அழுத்தத்துக்கு எதிராக மூச்சு விட முடியாதவர், உடல் பருமனால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்குபவர், ஸ்லீப் ஆப்னியாவோடு நாள்பட்ட நுரையீரல் அடைப்பும் சேர்ந்தவர் ஆகியோருக்கு அது தேவைப்படலாம். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் வீண் செலவு.

ஏஎஸ்வி என்று இன்னும் நுணுக்கமான ஒரு வகை இருக்கிறது. இதயத்தின் பம்பு செய்யும் திறன் 45 சதவீதமோ அதற்குக் கீழோ இறங்கியிருந்த, மூளைக் கட்டளை தவறும் வகை ஆப்னியா உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த செர்வ்-எச்எஃப் ஆய்வின் முடிவு 2015ல் வந்தது. கருவி போட்டவர்களிடையே இதயநோய் இறப்பு கூடியிருந்தது. விலை உயர்ந்தது என்பதால் மட்டும் ஒன்று நல்லதாகிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

பாதிப் பேருக்குக் கோளாறு மெஷினில் இல்லை, மாஸ்க்கில் இருக்கிறது என்பது என் எண்ணம். மீசை, தாடி, ஒடுங்கிய கன்னம், வாயைத் திறந்து தூங்கும் பழக்கம், மூக்கடைப்பு எல்லாமே காற்றுக் கசிவை உண்டாக்கும். மூக்குத் துளையில் பொருந்துவது, மூக்கை மூடுவது, மூக்கும் வாயும் சேர்த்து மூடுவது என்று மாஸ்க் வகைகளை மாற்றிப் பாருங்கள். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மூக்கைக் காட்டுங்கள். ஈரப்பதம் தரும் ஹியூமிடிஃபையரைப் போட்டுப் பாருங்கள். இவற்றின் செலவு சில ஆயிரங்களோடு முடியும். இத்தனையும் செய்தும் எண் இறங்கவில்லை என்ற குறிப்பு மருத்துவரின் கையெழுத்தோடு இருந்தால், அதுவே அடுத்த கருவிக்கான உங்கள் ஆதாரம்.

மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டிய கடிதத்தில் நோயின் பெயர், ஏஎச்ஐ, இறங்கிய ஆக்சிஜன் அளவு, இதுவரை முயன்றது, அது ஏன் போதவில்லை, வேண்டிய கருவியின் வகை, அழுத்த வரம்பு, மாஸ்க் வகை இருக்க வேண்டும். கம்பெனி பெயர் வேண்டியதில்லை. 'பைபாப் பரிந்துரைக்கப்படுகிறது' என்ற ஒற்றை வரிச் சீட்டு எந்த அலுவலக மேசையிலும் நிற்காது. மருந்தையும் பரிசோதனையையும் எங்கே வாங்குவது, செய்வது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை நோயாளியின் உரிமைச் சாசனத்தில் இருக்கிறது. மத்திய சுகாதார அமைச்சகம் 2019ல் அதை மாநிலங்களுக்கு அனுப்பிவைத்தது. ஆகவே வார்டுக்கே வந்து நிற்கும் விற்பனையாளரிடம்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாடகைக்கு எடுத்துச் சில வாரம் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குவதே புத்திசாலித்தனம்.

இனி பணம். நீங்கள் மத்திய அரசு ஊழியராகவோ ஓய்வூதியராகவோ சிஜிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தில் இருந்தால், அல்லது முன்னாள் படைவீரராக இசிஎச்எஸ் திட்டத்தில் இருந்தால், சிபாப், பைபாப் கருவிகளுக்கு உச்சவரம்போடு பணம் பெற வழி உண்டு. நிபுணரின் பரிந்துரையும் ஸ்லீப் ஸ்டடி அறிக்கையும் வைத்து அனுமதி கேட்க வேண்டும். வாங்கிவிட்டுப் பிறகு பில்லை நீட்டுபவர்கள்தான் அலைகிறார்கள். முதலில் அனுமதிக் கடிதம், பிறகு கடை.

தனியார் காப்பீட்டில் நிலைமை வேறு. பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனைக்கு வெளியே பயன்படுத்தும் நீடித்த கருவிகளுக்குப் பணம் தராது என்று தெளிவாகவே எழுதியிருக்கின்றன. சில பாலிசிகள் சிபாப்பைப் பெயர் சொல்லியே விலக்குகின்றன. 'கன்ஸ்யூமபிள்ஸ்' என்று கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கும் ரைடர் இதற்கு உதவும் என்று நம்பி ஏமாறாதீர்கள். அது ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது ஆகும் கையுறை, மாஸ்க் போன்ற சில்லறைச் செலவுக்கானது. நீடித்த மருத்துவக் கருவிகளுக்கென்று தனிப் பிரிவு வைத்த பாலிசிகளும் சந்தையில் உண்டு. ஏஜெண்டின் வாய்ச்சொல்லை விட்டுவிட்டு, பாலிசி வாசகத்தில் அந்தப் பிரிவைத் தேடுங்கள்.

இதில் ஒரு வினோதம். உடல் எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்கு எப்போது பணம் தரலாம் என்று காப்பீட்டு ஆணையமான ஐஆர்டிஏஐ வகுத்த பொது வாசகத்தில், உடல் எடைக் குறியீடான பிஎம்ஐ 35 அல்லது அதற்கு மேல் இருந்து கடுமையான ஸ்லீப் ஆப்னியாவும் இருந்தால், மற்ற வழிகள் பலிக்காத நிலையில் தரலாம் என்றிருக்கிறது. லட்சங்கள் ஆகும் அறுவைக்கு இந்த நோய் காரணமாகலாம், அதே நோய்க்கு அரை லட்சத்தைச் சுற்றிவரும் கருவிக்கு ஆகாது! இந்த நியாயம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

வாசகம் தெளிவாக விலக்கிய கருவிக்காக மல்லுக்கட்டி மாதங்களை வீணாக்காதீர்கள், அந்த வழக்கில் தோற்கவே வாய்ப்பு அதிகம். ஜெயிக்கக்கூடிய இடங்கள் வேறே இருக்கின்றன. ஸ்லீப் ஸ்டடிக்காக மட்டும் ஓர் இரவு அட்மிட் ஆனால், 'பரிசோதனைக்கான அனுமதி' என்று நிராகரிப்பார்கள். அதற்கு விதி இடம் தருகிறது. அதே பரிசோதனை தொண்டை அறுவைக்கு முந்தைய வாரங்களில் நடந்தது என்றால், அட்மிஷனுக்கு முந்தைய செலவாகக் கேட்கலாம். மூச்சுத்திணறலோடு ஐசியூவில் சேர்ந்தவருக்கு அங்கேயே போட்ட பைபாப் வீட்டுக் கருவி அல்ல, சிகிச்சையின் பகுதி. அதைத் தனியாகப் பில் போட்டு நோயாளி தலையில் கட்டினால் மருத்துவமனையையும் காப்பீட்டு நிறுவனத்தையும் கேள்வி கேளுங்கள்.

நிறையப் பேர் சிக்குவது இன்னொன்றில். மாரடைப்புக்கான க்ளெய்மை, 'ஸ்லீப் ஆப்னியா இருந்ததை மறைத்தீர்கள்' என்று மறுப்பது. பாலிசி எடுக்கும்போது இந்த நோயை மறைக்காதீர்கள். வெளிப்படையாகச் சொல்லி எடுத்தால், முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்பு 2024 விதிகளின்படி அதிகபட்சம் 36 மாதம்தான். 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டிய பிறகு, மோசடி என்று நிரூபித்தாலொழிய, மறைத்தீர்கள் என்று சொல்லி க்ளெய்மை மறுக்க முடியாது.

அலுவலகம் எடுத்துத் தரும் குரூப் பாலிசியில் இருப்பவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. அதன் நிபந்தனைகளை நிறுவனமும் காப்பீட்டாளரும் ஆண்டுதோறும் பேசி முடிவு செய்கிறார்கள். புதுப்பிக்கும் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே எச்ஆரிடம் நாலைந்து பேராகச் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், வரம்புக்கு உட்பட்டுக் கருவிச் செலவைச் சேர்க்க முடியும். ஒருவர் தனியாகக் கேட்டால் 'பார்க்கலாம்' என்பதோடு போகும்.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால், எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் வாங்குங்கள். நிறுவனத்துக்காக க்ளெய்மைக் கையாளும் டிபிஏ போனில் சொன்னது கணக்கில் வராது. காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஐஆர்டிஏஐயின் பீமா பரோசா தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். நிறுவனம் ஒரு மாதத்தில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். நிறுவனம் கைவிரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க அனுமதியும் இல்லை. காகிதங்களைத் தேதி வரிசையில் அடுக்கியவர் பேச்சு அங்கே எடுபடும். அதுவும் பயன்தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும், நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கடைசியில் கைக்காசு போட்டே வாங்க நேர்ந்தால், பழைய கருவிகளிடம் ஜாக்கிரதை. பிலிப்ஸ் நிறுவனம் 2021 ஜூனில் தன் சிபாப், பைபாப் கருவிகளை உலகெங்கும் லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்த நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பது காரணம். அந்த ஆண்டு ஏப்ரல் 26க்கு முன் தயாரான பிலிப்ஸின் ட்ரீம்ஸ்டேஷன் கருவியை யாராவது பாதி விலைக்குத் தருகிறேன் என்றால், சீரியல் எண்ணை வாங்கிச் சரிபாருங்கள். புதிதே என்றாலும் பில் நோயாளியின் பெயரில், மாடலும் சீரியல் எண்ணும் குறித்து இருக்க வேண்டும். இரவுத் தரவைப் பதிவு செய்யாத மலிவு மாடலை வாங்கினால், அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. கருவியால் உடலுக்குக் கோளாறு வந்தால், மருந்து, மருத்துவக் கருவி பாதிப்புகளைப் பதியும் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். நோயாளியே நேரடியாகப் பதியலாம், மருத்துவர் மூலமாகத்தான் போக வேண்டும் என்பதில்லை.