வாளால் வென்றதும் வாக்கால் நின்றதும்

பாண்டிய வேந்தன் மாறவர்மன் குலசேகரனின் சரித்திரத்தை அறிவீர்களா? 1268-இல் அரியணை ஏறிய அம்மன்னன், 1279-ஆம் ஆண்டளவில் சோழர்களின் இறுதி வேந்தன் மூன்றாம் இராசேந்திரனை வென்று சோழநாட்டைத் தன் ஆட்சியில் இணைத்தான். அவனுடைய படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி ஈழத்தின் யாப்பகூவாவைத் தாக்கி, பௌத்தர்கள் போற்றும் புனிதப் பல்லைக் கவர்ந்து வந்தான்.

இப்பெருவேந்தனின் செல்வ வாயிலாகத் திகழ்ந்தது, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தருகே அமைந்த காயல் துறைமுகம். பழைய திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த அவ்விடம் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. அங்கு வந்த மார்க்கோ போலோ, அயல்நாட்டு வணிகரை மன்னன் நீதியோடு காத்ததைப் புகழ்ந்துள்ளார்.

மன்னனின் படைக்கு வேண்டிய குதிரைகள் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஓர் அரிய ஒப்பந்தத்தைக் குறிப்பிடுகிறார். கைஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் தம்முடைய 1,400 குதிரைகளை அனுப்புவார்; ஒவ்வொன்றுக்கும் விலை 220 பொன் தீனார். கடல் வழியில் குதிரை இறந்தாலும் அதன் விலையை அரச கருவூலமே அளிக்கும்! அவருடைய சகோதரர் தகியுத்தீன் அப்துர் ரஹ்மானையோ மன்னன் தன் அமைச்சராக்கி, காயல் உள்ளிட்ட துறைமுகங்களை அவர் பொறுப்பில் விட்டான்.

சிந்தித்துப் பாருங்கள்! கண்ணால் காணாத குதிரைக்கும் பொன் கொடுக்க ஒரு வேந்தன் உடன்பட்டான் என்றால், அந்த வணிகரின் வாக்கை அவன் எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்! மார்க்கமோ வேறு, மொழியோ வேறு. இருவரையும் இணைத்தது அமானிதம் ஒன்றே.

வாளால் வென்றவை என்னவாயின? ஈழ வேந்தன் மூன்றாம் பராக்கிரமபாகு தானே நேரில் வந்து, இன்சொல் பேசி, புனிதப் பல்லைத் திரும்பப் பெற்றுச் சென்றான் என்று சூளவம்சம் கூறுகிறது. படை கொண்டு எடுத்ததைப் பணிவு மீட்டது! 1310-இல் குலசேகரன், அரசுரிமைப் பூசலில் தன் மகன் சுந்தர பாண்டியனின் கையாலேயே மாண்டான் என்கிறார் வஸ்ஸாஃப். சகோதரர் இருவரும் போரிட்டு நின்ற வேளையில், 1311-இல் மாலிக் காஃபூரின் படை மதுரையை அடைந்தது.

துறைமுகமும் நிலைக்கவில்லை. ஆற்று வண்டல் சேரச் சேரக் கடல் விலகிற்று. பழையகாயல் இன்று ஒரு சிற்றூர். ஆயினும் அருகிலுள்ள காயல்பட்டினத்தின் பழம்பெரும் பள்ளிவாசல்களில் பாங்கொலி இன்றும் முழங்குகிறது.

முன் வாழ்ந்த வலியோரின் முடிவைப் பூமியில் சென்று காணுமாறு திருமறை பணிக்கிறது. அமானிதங்களை உரியவரிடம் ஒப்படைக்குமாறும் கட்டளையிடுகிறது. ஜும்ஆ முடிந்து கடைக்குத் திரும்பும் நாம் நம் நெஞ்சைக் கேட்போம்: நாம் பாராத இடத்திலும் நம் சொல்லை நம்பிப் பிற சமயத்து அண்டைவீட்டார் பொன் தருவார்களா?

அத்தகைய நாணயத்தை வல்ல அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.