நடை, உழைப்பு, மின்தூண்டல்: பார்க்கின்சன் நோய் குறித்து ஊவாத் தோட்டங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

குரங்கு மனிதனாக மாறியதில் உழைப்பு வகித்த பாத்திரம் பற்றி 1876இல் எழுதிய எங்கெல்ஸ், நிமிர்ந்த நடையே கையை விடுவித்தது என வாதிட்டார். பசறை, தெமோதரை, அப்புத்தளைச் சரிவுகளில் இது அன்றாட உண்மையாகும். நெற்றியில் மாட்டிய கயிற்றில் கூடை முதுகிலே தொங்க, இரு கைகளும் கொழுந்து பறிக்க, கால்கள் தாமாகவே இடமறிந்து ஊன்றுகின்றன. பார்க்கின்சன் நோய் குலைப்பது இந்தத் தானியங்குந் தன்மையையே.

1817இல் இந்நோயை விவரித்த ஜேம்ஸ் பார்க்கின்சன் இலண்டன் வைத்தியர்; பாராளுமன்றச் சீர்திருத்தத்துக்காகத் துண்டுப் பிரசுரங்கள் எழுதிய தீவிரவாதியுமாவார். நடுமூளையின் கருநிறப் பகுதியிலுள்ள கலங்கள் அழிய, டொபமீன் என்னும் இரசாயனம் குறைகிறது. கைநடுக்கம், உடலிறுக்கம், மந்தம் ஆகியவற்றோடு காலடி குறுகிப் பாதம் தேய்கிறது. நோய் முற்றுகையில், திரும்பும்போதும் வாயிலைக் கடக்கும்போதும் பாதங்கள் நிலத்தோடு ஒட்டியவைபோல நின்றுவிடுகின்றன. இதுவே நடை உறைதல்.

1960களின் இறுதியில் லெவோடோபா மருந்து பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. 1987இல் பிரான்சின் கிரெனோபிளில் பெனாபிட் குழுவினர், மூளையின் ஆழத்தில் மின்வாயைப் பொருத்தி நடுக்கத்தை அடக்கினர். 1993 முதல் தலமசின் கீழுள்ள கருவைத் தூண்டலாயினர். மின்கலத்துடன் கூடிய கருவி மார்புத் தோலின் கீழ் வைக்கப்படும். இது நோயைக் குணப்படுத்துவதன்று. அதன் வளர்ச்சியைத் தடுப்பதுமன்று.

நடையைப் பொறுத்தவரை பொதுவிதி ஒன்றுண்டு: லெவோடோபாவால் சீராகும் நடை, தூண்டலாலும் பெரும்பாலும் சீராகும். மருந்து நன்கு செயற்படும் வேளையிலும் நிகழும் உறைதலும் சமநிலை இழப்பும் பெரும்பாலும் சீராவதில்லை; சிலரில் மோசமடைவதுமுண்டு. நடையும் சமநிலையும் டொபமீனை மட்டுமன்றி மூளைத்தண்டின் வேறு நரம்புத் தொகுதிகளையும் சார்ந்திருப்பது இதற்கு ஒரு காரணம். தூண்டலின் வேகத்தைச் செக்கனுக்கு 130 அளவிலிருந்து 60 அளவுக்குக் குறைத்தல் சிலருக்குச் சில காலம் பயன்தருகிறது. 2005 முதல் மூளைத்தண்டையே தூண்டிய முயற்சிகள் கலப்பான பலனையே தந்தன. 2023இல் முண்ணாணைத் தூண்டி நடை மேம்பட்டதாக வெளிவந்த ஆய்வு ஒரே நோயாளியைப் பற்றியது.

ஆகவே கருவியை மிகையாகப் புகழ்தலும் புறக்கணித்தலும் தவறு. ஆனால் அது யாருக்கு எட்டுகிறது என்பது மருத்துவ வினா மட்டுமன்று. விலை ஒருபுறமிருக்க, தூண்டலைச் சரிசெய்ய மீண்டும் மீண்டும் சிறப்பு நிலையத்துக்குச் செல்லல் வேண்டும். பல கருவிகளின் மின்கலத்தைச் சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். பதுளையிலிருந்து கொழும்புக்குப் புகையிரதப் பாதை ஏறத்தாழ 290 கிலோமீற்றர். நாட்சம்பளத்தில் வாழ்பவருக்கு ஒவ்வொரு பயணமும் கூலியிழப்பாகும்.

வேறொரு கடப்பாடும் உண்டு. தேயிலை மலைகளில் தெளிக்கப்பட்ட பரகுவாட் களைகொல்லிக்கும் இந்நோய்க்கும் தொடர்பிருப்பதாக ஆய்வுகள் பல சுட்டுகின்றன. நஞ்சருந்தித் தற்கொலை புரிவதைக் குறைக்கும் நோக்கில் 2008–2011 காலத்தில் இலங்கை அதனைப் படிப்படியாகத் தடைசெய்தது. அதைத் தெளித்த கைகளையும் கால்களையும் முதுமையில் பரிசோதிப்பது தோட்டச் சுகாதாரத்தின் கடமையாதல் வேண்டும்.

இஸ்தோப்பிலிருந்து லயக் காம்பிராவுக்குட் செல்லும் குறுகிய வாயில், உறைதல் நிகழ்வதற்கு ஏற்ற இடம். தரையில் குறுக்குக்கோடுகள் வரைந்து அவற்றைத் தாண்டி நடத்தலும் தாளத்துக்கேற்ப அடிவைத்தலும் பலருக்கு உதவுகின்றன, இவற்றுக்குச் செலவில்லை. தளர்நடையை ‘வயது’ என ஒதுக்காது காலத்தே நோயறிதல், தடையற்ற மருந்து, நடைப்பயிற்சி ஆகியவை தோட்ட மக்களின் முதற் கோரிக்கைகளாக வேண்டும். தூண்டற் சிகிச்சையில் அவர்களுக்குரிய பங்கும் அக்கோரிக்கையின் தொடர்ச்சியே.