சமநிலை முறிந்த பின்: இந்திய – இலங்கை ரூபாய் மாற்று வீதமும் 1964 ஒப்பந்தத்தின் நாலாயிரம் ரூபாயும்

ஆய்வுச்சுருக்கம்

ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஒன்றுக்கு ஒன்றாக நின்ற இந்திய, இலங்கை ரூபாய்களின் மாற்று வீதம் 1966க்கும் 1977க்கும் இடையில் தலைகீழானது. அம்மாற்றத்தின் படிநிலைகளையும், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்ட 4,000 ரூபாயின் பெறுமதியை அது எவ்வாறு மாற்றியது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மாற்று வீதம், மதிப்பிறக்கம், மலையகத் தமிழர், தாயகம் திரும்பியோர்.

ஒரே ரூபாய்

இலங்கை ரூபாய் தனி நாணயமாகப் பிறந்ததன்று. பவுண்டு, ஷில்லிங், பென்சு என்று கணக்கிட்டுவந்த தீவில் 1872 முதல் இந்திய வெள்ளி ரூபாயே சட்டமுறை நாணயமாயிற்று. அதனை அணாக்களாக அன்றி நூறு சதங்களாகப் பகுத்தது ஒன்றே இலங்கையின் தனித்தன்மை. தோட்டத் தொழிலாளர் தென்னிந்தியாவிலிருந்து வந்தனர். அவர்கள் உண்ட அரிசியும் பெரிதும் இந்தியாவிலிருந்தே வந்தது. எனவே கூலிக்கும் அரிசிக்கும் ஒரே நாணயம் இருப்பது தோட்ட முதலாளிகளுக்கு வசதியாக இருந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தபின் அரசே நாணயத்தாள் வெளியிடத் தொடங்கியது. அத்தாளும் இந்திய ரூபாயோடு சரிக்குச் சரியாகவே பிணைக்கப்பட்டது.

இப்பிணைப்பு விடுதலைக்குப் பின்னும் நீடித்தது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு இறக்கப்பட்டபோது இந்தியாவும் இலங்கையும் தத்தம் ரூபாயை அதே அளவில் இறக்கின. (பாகிஸ்தான் அவ்வாறு செய்ய மறுத்ததால் இந்திய – பாகிஸ்தான் வணிகம் முடங்கியதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.) 1950 ஆகஸ்டு 28இல் இலங்கை மத்திய வங்கி தொடங்கப்பட்டதும் சட்டவழிப் பிணைப்பு அறுந்தது. ஆயினும் இலங்கை ரூபாய்க்கு விதிக்கப்பட்ட 2.88 கிரெயின் தூய தங்கம் என்னும் அளவு இந்திய ரூபாய்க்கு உரிய அளவோடு ஒத்திருந்தது. இரு நாடுகளிலும் ஒரு டாலர் 4.76 ரூபாய். சட்டம் போனபின்னும் எண் நின்றது எனலாம்.

முறிவு

1966 ஜூன் 6 அன்று இந்தியா தன் ரூபாயின் மதிப்பை இறக்கியது, டாலர் 4.76இலிருந்து 7.50 ரூபாயாயிற்று. இலங்கை பின்தொடரவில்லை. முந்தைய நாள் வரை நூறுக்கு நூறாக இருந்த 100 இலங்கை ரூபாய் 157.50 இந்திய ரூபாய்க்கு நிகரானது. 1967 நவம்பரில் பவுண்டு மீண்டும் வீழ்ந்தபோது நிலை எதிர்மாறானது. இம்முறை இந்தியா அசையவில்லை. இலங்கை தன் ரூபாயை 20 விழுக்காடு இறக்கி டாலரை 5.95 ஆக்கியது. 100 இலங்கை ரூபாய் 126 இந்திய ரூபாயாகக் குறைந்தது.

அதிகாரபூர்வ வீதத்தை மட்டும் பார்த்தால் இலங்கை ரூபாய் 1977 வரை இந்திய ரூபாயைவிட உயர்ந்தே நின்றதாகத் தோன்றும். இத்தோற்றம் ஏற்கத்தக்கதன்று. 1968 மே மாதத்தில் இலங்கை அரசு அந்நியச் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. இன்றியமையா உணவு, மருந்து, உரம் போன்றவை பழைய வீதத்தில் இறக்குமதியாயின. ஏனையவற்றுக்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதன் தொடக்க மிகைவிலை 44 விழுக்காடு. அதாவது டாலர் ஏறக்குறைய 8.57 ரூபாய். அவ்வீதத்தில் 100 இலங்கை ரூபாய் 87.50 இந்திய ரூபாய்தான். மிகைவிலை 1969இல் 55, 1972இல் 65 விழுக்காடாக உயர்ந்தது. ஆகவே இரு நாணயங்களும் இடம் மாறிய ஆண்டு 1977 என்பதைவிட 1968 என்பதே பொருத்தம். அரசே தன் வீதம் மெய்யன்று என்று விலை குறித்து ஒப்புக்கொண்ட ஆண்டு அது.

இதில் தோட்டத்துறையின் நிலை தனித்துக் காணத்தக்கது. தேயிலை, இரப்பர், தென்னைப் பொருள்களின் ஏற்றுமதி வருவாய்க்குப் பழைய 5.95 வீதமே கணக்கிடப்பட்டது. தேயிலை ஈட்டிய டாலருக்குத் தோட்டம் பெற்ற ரூபாய், அதே டாலரை வாங்கச் சான்றிதழ் இறக்குமதியாளர் செலுத்திய ரூபாயைவிடக் குறைவு. இதனைப் பெயர் சூட்டப்படாத ஒரு வரி என்று கொள்ளுதல் தகும்.

1977 நவம்பரில் இரட்டை வீதம் நீக்கப்பட்டு, ஒரு டாலருக்கு 16 ரூபாய் என்ற தொடக்க நிலையில் இலங்கை ரூபாய் மிதக்கவிடப்பட்டது. அதற்குச் சற்று முன் அதிகாரபூர்வ வீதம் 7.28. 1978ஆம் ஆண்டுச் சராசரியில் டாலர் இலங்கையில் ஏறத்தாழ 15.60, இந்தியாவில் 8.20 ரூபாய்.

நாலாயிரம் ரூபாய்

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென வகுத்தது. செல்வோர் சேமலாப நிதி, பணிக்கொடை உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டுசெல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க தொகையின் உச்சவரம்பு 4,000 ரூபாய்க்குக் கீழ் குறைக்கப்படலாகாது. அந்த ரூபாய் எந்நாட்டது என்னும் வினா அன்று கணக்கில் எவ்வேறுபாட்டையும் தராது.

இத்தொகையை அதிகாரபூர்வ வீதத்தால் பெருக்கினால் 1964இல் 4,000 இந்திய ரூபாய். 1966 ஜூனில் 6,300. 1967 நவம்பருக்குப் பின் ஏறத்தாழ 5,040. 1978இல் ஏறத்தாழ 2,100. இவை குடும்பங்கள் உண்மையில் பெற்ற தொகைகள் அல்ல. அவை சேமிப்புக்கேற்ப வேறுபட்டிருக்கும். எனினும் ஒரே எண் கடலைக் கடக்கும்போது எவ்வளவு சுருங்கியது என்பதற்கு இக்கணக்குப் போதும்.

உயர்ந்த வீதம் நிலவிய பதினேழு மாதங்களில் பயன்பெற்றோர் சிலரே இருக்க முடியும். ஒப்பந்தத்தைச் செயற்படுத்தும் சட்டமே இலங்கையில் 1967இல்தான் இயற்றப்பட்டது. பெருந்தொகையினரின் பயணம் அதற்குப் பின்னரே நிகழ்ந்தது. கடவுச்சீட்டுக்கும் சேமலாப நிதிக் கணக்கு முடிவுக்கும் காத்திருந்த ஒவ்வோர் ஆண்டும் சேமிப்பின் இந்தியப் பெறுமதியைப் பாதிக்கக்கூடியதாயிருந்தது. அக்காலத்தாழ்வை நிருவாகச் சிக்கலாக மட்டும் நோக்குவோர் இந்த இழப்பைக் காணத் தவறுவர். தலைமன்னார் – இராமேசுவரம் கப்பல் நின்றுபோன 1984இல் டாலர் இலங்கையில் 25 ரூபாயைக் கடந்திருந்தது. இந்தியாவில் 11 ரூபாய்க்குச் சற்று மேல். இறுதிக் கப்பல்களில் வந்த குடும்பத்தின் 4,000 ரூபாய்க்கு இக்கரையில் கிடைக்கத்தக்கது 1,800 ரூபாய் அளவே.