ஒரே ஏரி, வேறு வேறு பந்தி

அவலூர்பேட்டையிலிருந்து கடல் சுமார் எழுபது கிலோமீட்டர் கிழக்கே இருக்கிறது. ஆனாலும் ஏரிகள் ததும்பி நிற்கும் மார்கழி, தை மாதங்களில் செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்து ஏரிக்கரையில் நடக்கிறவர்கள் கடற்பறவைக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பறவையைப் பார்த்திருப்பார்கள். வெளிர் சாம்பல் உடம்பு, நீண்டு குறுகிய இறக்கை. தண்ணீருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் எதிர்க்காற்றில் நிதானமாகப் பறந்து, சட்டென்று தாழ்ந்து, நீர்ப்பரப்பை அலகால் தொட்டுவிட்டு எழும். அதன் பெயர் மீசை ஆலா. வங்கக் கடலில் மீன் பிடிக்கும் ஆலாக்களுக்கு நெருங்கிய சொந்தம். காஷ்மீர் ஏரிகளிலும் வட இந்தியச் சதுப்புகளிலும் அவற்றுக்கு அப்பாலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நம் ஏரிகளுக்கு வருகிறது.

அதே ஏரியில் கறுப்பாக ஒன்று முங்கி, வேறோர் இடத்தில் தலைதூக்கும். அது சின்ன நீர்க்காகம். இதன் சொந்தக்காரர்களும் உலகெங்கும் கடலோரப் பாறைகளில் கூட்டமாக வாழ்கிறவர்கள். அரை மணி நேரம் பொறுமையாகப் பார்த்தால் ஒன்று புரியும். ஆலா ஒருபோதும் நீருக்குள் மூழ்கி மீனைத் துரத்துவதில்லை. நீர்க்காகம் ஒருபோதும் வானத்திலிருந்து கொத்துவதில்லை. இரண்டும் ஒரே ஏரியின் மீனைத் தின்கின்றன, ஆனால் ஒன்றின் இரையை மற்றொன்று எட்டுவது அரிது.

இதைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது. ரஷ்ய உயிரியலாளர் காஸ் 1934இல் வெளியிட்ட சோதனைகள் நினைவுக்கு வருகின்றன. ஒரே உணவில் வாழும் இரண்டு வகை நுண்ணுயிரிகளை ஒரே கண்ணாடிக் குழாயில் வளர்த்தார். தனித்தனியாக விட்டபோது இரண்டுமே செழித்தன. சேர்த்து விட்டபோது ஒன்று மற்றொன்றை ஒழித்துவிட்டது. ஒரே இரையை ஒரே வழியில் தேடும் இரண்டு இனங்கள் நெடுங்காலம் சேர்ந்து வாழ முடியாது என்ற முடிவுக்கு அறிவியல் உலகம் வந்தது. அப்படியானால் கடற்பாறைகளில் பத்துப் பதினைந்து வகைப் பறவைகள் இறக்கையோடு இறக்கை உரசக் கூடுகட்டி, எதிரே இருக்கும் ஒரே கடலில் இரை தேடுவது எப்படி?

பதிலை முதலில் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் இங்கிலாந்தின் டேவிட் லாக். 1945இல் அவர் எடுத்துக்கொண்டது நீர்க்காகக் குடும்பத்தின் இரண்டு பறவைகள்: பெரிய நீர்க்காகமும், ஷாக் என்று அங்கே அழைக்கப்படும் அதன் தம்பியும். இரண்டும் கறுப்பு, இரண்டும் மூழ்கி மீன் பிடிப்பவை, ஒரே பாறைச்சரிவில் கூடு வைப்பவை. மீனவர்களுக்கு இரண்டின் மேலும் ஒரே கோபம். இவற்றின் இரைப்பைகளை ஆராய்ந்து முன்பே எடுக்கப்பட்டிருந்த கணக்குகளை லாக் அருகருகே வைத்துப் பார்த்தார். ஷாக்கின் உணவில் ஐந்தில் நான்கு பங்கு, திறந்த கடலில் கூட்டமாக நீந்தும் மணல்விலாங்கும் மத்தி வகைச் சிறு மீன்களும். பெரிய நீர்க்காகத்தின் வயிற்றில் அவை ஏறக்குறைய இல்லவே இல்லை. அங்கே பெரும்பாலும் இருந்தவை கழிமுகங்களின் ஆழமில்லாத தரையில் கிடக்கும் தட்டை மீன்களும் இறாலும். வீடு ஒன்று, சந்தை வேறு. பார்வைக்குப் போட்டியாளர்களாகத் தெரிந்த இரண்டு பறவைகளும் உண்மையில் ஒன்றின் வழியில் மற்றொன்று வருவதே இல்லை.

லாக்கின் காலத்துக்குப் பிறகு கடலில் இந்தப் பங்கீடு எத்தனை விதமாக நடக்கிறது என்று ஒவ்வொன்றாக வெளிப்பட்டது. வட அட்லாண்டிக் பாறைகளில் கில்லிமாட் என்ற கடற்பறவை நூறு மீட்டர் ஆழத்துக்கும் கீழே மூழ்கும். பக்கத்துக் கூட்டிலுள்ள கிட்டிவேக் என்ற கடற்காகத்தால் மேற்பரப்பை ஒட்டிய மீனைத்தான் எடுக்க முடியும். இது ஆழத்தில் நடக்கும் பங்கீடு. தூரத்தில் நடக்கும் பங்கீட்டுக்கு லட்சத்தீவுகளைப் பார்க்கலாம். அங்கே பிட்டி என்று ஒரு மணல்திட்டு இருக்கிறது. மொத்தமே 1.2 ஹெக்டேர், மனிதர் குடியிருப்பு இல்லை. பெரிய கொண்டை ஆலா, பழுப்பு ஆலா, முதுகு கறுத்த கரிய ஆலா எல்லாம் அந்தச் சிறு திட்டில் முட்டையிடுகின்றன. கொண்டை ஆலா தீவுகளை ஒட்டிய நீரில் தலைகீழாகப் பாய்ந்து மீனைக் கவ்வும். கரிய ஆலாவோ ஆழ்கடலுக்குப் போய்விடும். அதன் இறகு நீரைத் தாங்காது, அதனால் கடலில் உட்கார்ந்து ஓய்வெடுக்க முடியாது, மூழ்கவும் முடியாது. சூரை மீன் கூட்டம் கீழிருந்து விரட்ட, சிறு மீன்கள் நீருக்கு மேலே துள்ளும் அந்த நொடியில் பறந்தபடியே கொத்தி எடுக்கிறது. பறவைக் கூட்டம் வட்டமிடும் திசையை வைத்து மீன்பாடு இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிற கடலோடிகளுக்கு இந்த உறவு நன்றாகத் தெரியும். சூரை குறைந்தால் ஆலாவுக்கும் பட்டினி. கடலுக்கு மேலே பறக்கும் ஒரு பறவையின் பங்கு கடலுக்கு அடியில் நீந்தும் ஒரு மீனின் கையில் இருக்கிறது.

ஒரே இனத்துக்குள்ளும் பங்கீடு உண்டு என்பது இன்னும் வியப்பு. பிரிட்டன், அயர்லாந்துக் கரைகளில் கேனட் என்ற பெரிய வெள்ளைக் கடற்பறவை ஆயிரக்கணக்கில் கூடி வாழ்கிறது. 12 குடியிருப்புகளைச் சேர்ந்த ஏறக்குறைய 200 பறவைகளின் உடம்பில் சிறு கருவிகளைப் பொருத்தி, அவை போய்வந்த பாதைகளை ஆராய்ந்த முடிவு 2013இல் சயின்ஸ் இதழில் வெளியானது. பக்கத்துப் பக்கத்துக் குடியிருப்புகளின் பறவைகள் ஒன்றின் கடற்பரப்பில் மற்றொன்று பெரும்பாலும் நுழைவதே இல்லை. நடுக்கடலில் காவலும் இல்லை, சண்டையும் இல்லை. அயலார் கூட்டமாக மேய்ந்துவிட்ட நீருக்கு நெடுந்தூரம் பறந்து போவதால் கிடைக்கும் மீன் குறைவு, செலவாகும் உடல்பலம் அதிகம். எங்கே போனால் இரை கிடைக்கும் என்பதைத் தன் கூட்டத்தாரைப் பார்த்தே ஒவ்வொரு பறவையும் கற்றுக்கொள்கிறது. இப்படித்தான் கோடு போடாமலே எல்லை உண்டாகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இன்று இரைப்பையைக் கிழித்துப் பார்க்க வேண்டியதில்லை. உதிர்ந்த இறகு ஒன்றே போதும். அதிலுள்ள கார்பன், நைட்ரஜன் அணுக்களின் வகைகளை அளந்தால், இறகு முளைத்த காலத்தில் அந்தப் பறவை கரையோரம் மேய்ந்ததா ஆழ்கடலில் மேய்ந்ததா, சிறு உயிர்களைத் தின்றதா அவற்றைத் தின்ற மீனைத் தின்றதா என்று சொல்லிவிடலாம்.

இத்தனை விதப் பங்கீட்டையும் நம் விழுப்புரம் மாவட்டத்திலேயே கண்ணால் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அது மரக்காணத்தை அடுத்த கழுவெளி. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 5,151.6 ஹெக்டேர். 2024 ஆகஸ்டில் திருப்பூர் நஞ்சராயன் பறவைகள் சரணாலயத்தோடு சேர்ந்து, உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. மேற்கேயுள்ள நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள் கோடி போனால் அந்தத் தண்ணீர் இங்கேதான் வந்து சேரும். உப்புக்கல்லி ஓடை வழியாகவும் எடையன்திட்டுக் கழிமுகம் வழியாகவும் கடல் உள்ளே வரும். ஒரு முனையில் நல்ல தண்ணீர், மறு முனையில் உப்புத் தண்ணீர், நடுவே இரண்டும் கலந்தது. மழைக்காலத்தில் ததும்பி, கோடையில் பெரும்பகுதி வறண்டுவிடும். பறவைகளுக்கு இது ஒரே நீர்நிலை இல்லை. பல நீர்நிலைகள் ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன.

கரையிலிருந்து தண்ணீரை நோக்கிப் போவோம். ஈரம் காயாத சேற்றில் உப்புக்கொத்தி. நாலடி ஓடும், நிற்கும், பார்க்கும், கொத்தும். பெரிய கண், குட்டை அலகு. மேலே தெரியும் பூச்சிதான் அதன் இரை. அதற்கு இரண்டடி தள்ளி உள்ளான் கூட்டம் அலகைச் சேற்றில் குத்திக் குத்திப் போகிறது. அவற்றுக்குக் கண்ணைவிட அலகின் நுனியிலுள்ள உணர்ச்சி முக்கியம். மூக்கன் தன் நீண்ட அலகை அடிவரை இறக்கி, உள்ளானுக்கு எட்டாத ஆழத்துப் புழுவை இழுத்துவிடும். ஒரு சாண் சேற்றுக்குள்ளேயே மூன்று பேருக்கு மூன்று அடுக்கு.

தண்ணீருக்குள் கால் வைத்தால் கணக்கைக் காலின் நீளம் தீர்மானிக்கிறது. சின்ன வெள்ளைக்கொக்கு கணுக்கால் நீரில் மஞ்சள் விரல்களால் சேற்றைக் கலக்கி மீன்குஞ்சைக் கிளப்பும். பவளக்கால் உள்ளான் வயிறு நனையும் ஆழம்வரை போகும். கரண்டிவாயன் தலையை இடமும் வலமும் வீசி நீரைத் துழாவும். மஞ்சமூக்கு நாரை அலகைப் பாதி திறந்து நீருக்குள் வைத்துக்கொண்டு நடக்கும், மீன் வந்து முட்டியதும் மூடிக்கொள்ளும். நீர் எவ்வளவு கலங்கியிருந்தாலும் கவலையில்லை. சாம்பல் நாரைக்குப் பார்வை வேண்டும், அதனால் தெளிந்த நீரில் அசையாமல் நிற்கும். நத்தைக்குத்தி நாரைக்கு இந்தப் போட்டியே வேண்டாம். இடைவெளி விட்ட அலகை வைத்துக்கொண்டு நத்தையைத் தேடிப் போய்விடும். உப்பேறிய பக்கத்தில் பூநாரை, வந்த ஆண்டுகளில், தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டிக் கண்ணுக்குத் தெரியாத பாசியையும் சிற்றிறாலையும் தின்னும். அந்த உப்பில் மற்றவர்களுக்குக் கிடைப்பது சொற்பம்.

ஆழமான பகுதியில் கூழைக்கடாக்கள் வரிசையாக நீந்தி மீனை வளைத்துப் பையில் அள்ளும். நீர்க்காகம் அடியில் துரத்தும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தி, அலகால் மீனைக் குத்தி எடுக்கும். மேலே வானத்தில் மூன்று ஆலாக்கள். ஆலாக்களிலேயே பெரியதும் சிவந்த பெரிய அலகு கொண்டதுமான காஸ்பியன் ஆலா உயரத்திலிருந்து விழுந்து உள்ளங்கை நீள மீனைத் தூக்கும். மீசை ஆலா மேற்பரப்பைத் தொட்டு எடுக்கும். பருத்த அலகு ஆலா தண்ணீரை விட்டுவிட்டுச் சேற்றுப் பரப்பின் மேல் பறந்து நண்டையும் பூச்சியையும் கொத்தும். பொழுது சாய்ந்து எல்லோரும் அடையப் போகும்போது, ‘வக்’ என்று குரல் கொடுத்தபடி வக்கா வேலைக்குக் கிளம்பும். அதற்கு இரவுதான் பங்கு.

இந்த ஒழுங்கைப் பறவைகளுக்குள் ஏற்பட்ட ஒப்பந்தம் என்று நினைத்துவிடக் கூடாது. பங்குனி, சித்திரையில் ஏரி வற்றும்போது போய்ப் பாருங்கள். மதகு ஓரக் குட்டையில் எஞ்சிய மீனெல்லாம் அடைபட்டுத் துடிக்கும். அப்போது கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் பருந்தும் ஒரே இடத்தில் முட்டி மோதிக்கொண்டு தின்னும், ஊர்க்காரர்களும் கூடையோடு இறங்குவார்கள். இரை மலிந்த இடத்தில் பங்கு பிரிக்கத் தேவையில்லை. கடலிலும் மீன்கூட்டம் மேலே வந்தால் இதே நெரிசல்தான். இரை அரிதாகும் மாதங்களில்தான் ஒவ்வோர் இனமும் தன் உடம்பு எதற்கு வாகாக அமைந்ததோ அந்த மூலைக்கு ஒதுங்குகிறது. அந்த மூலை இல்லாமல் போனால் அந்த இனத்துக்குப் போக்கிடம் இல்லை.

என் கவலை இந்த மூலைகளைப் பற்றியதுதான். நம் முன்னோர் வெட்டிய ஏரி இயல்பாகவே சரிவானது. கரையும் மதகும் இருக்கும் பக்கம் ஆழம். எதிர்ப்பக்கத்து உள்வாய் மெல்ல மெல்ல மேடாகி, கடைசியில் முழங்கால், கணுக்கால், வெறும் ஈரம் என்று முடியும். அதனால்தான் ஒரே ஏரி மூழ்குகிறவனுக்கும் நடக்கிறவனுக்கும் சேற்றில் குத்துகிறவனுக்கும் இடம் கொடுத்தது. தண்ணீர் வடிய வடிய அந்தக் கணுக்கால் ஆழம் நாளுக்கு நாள் இடம் நகர்ந்து, மாதக்கணக்கில் புதிய சேற்றைத் திறந்துகொண்டே போகும். 2017இல் குடிமராமத்துத் திட்டம் தொடங்கியதிலிருந்து ஏரிகளைத் தூர்வாருவதில் மக்களுக்கு ஆர்வம் கூடியிருக்கிறது. அது நல்லது, அவசியமும்கூட. மண்மேடிட்ட ஏரி விவசாயத்துக்கும் உதவாது, நீர்க்காகத்துக்கும் உதவாது. ஆனால் பொக்லைன் இயந்திரம் இறங்கிச் செங்குத்தாகக் குழி வெட்டிவிட்டுப் போகிற இடங்களில் சரிவு அழிந்துவிடுகிறது. தண்ணீர் ஒரேயடியாக இரண்டு ஆள் ஆழம் நிற்கும், குழிக்கு வெளியே காய்ந்த தரை. நீர்க்காகத்துக்கு அங்கே வேலை இருக்கும். கரண்டிவாயனுக்கும் உள்ளானுக்கும் பவளக்கால் உள்ளானுக்கும் இருக்காது. தண்ணீர் குடிக்க இறங்கும் மாட்டுக்கும் அந்தக் குழி ஆபத்து.

வெட்டும் மண்ணின் அளவைக் குறைக்கச் சொல்லவில்லை. எந்த இடத்தில், எப்படி வெட்டுவது என்பதுதான் கேள்வி. ஆழத்தை மதகுப் பக்கமாக வைத்துக்கொண்டு உள்வாய்ச் சரிவைச் சரிவாகவே விட்டால், பாசனத்துக்குத் தண்ணீரும் நிற்கும், நடக்கும் பறவைகளுக்கு மேய்ச்சலும் நிற்கும். ஜனவரியை ஒட்டி வனத்துறை மாநிலம் முழுவதும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறது. அந்த நாட்களில் அவலூர்பேட்டை, செஞ்சிப் பக்கத்துப் பள்ளி மாணவர்கள் தங்கள் ஊர் ஏரியை இரண்டாகப் பிரித்து, மதகுப் பக்கம் எத்தனை வகை, உள்வாய்ப் பக்கம் எத்தனை வகை என்று தனித்தனியாக எழுதி வைக்கலாம். அடுத்த முறை தூர்வார அளவெடுக்கப் பொறியாளர் வரும்போது அந்தத் தாளை அவர் கையில் கொடுக்க முடியும்.